சிக்னல் கிடைக்காத சமையலறை

அன்று காலை ஒரு முடிவெடுத்தேன். இனி யாருக்கும் அடங்கிப் போவதில்லை. யாருக்கும் என்றால், போனில் இருக்கும் டெலிவரி ஆப்புக்கு. என் மனைவி கரோலை எதிர்க்கும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை.

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சேரும்போது, "நீங்கதான் உங்களுக்கு முதலாளி" என்றார்கள். முதலாளிக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் மூன்றாவது தடவை சொன்னால் ஐடியை முடக்கிவிடுவார்கள். நான் இரண்டு தடவை சொல்லியாயிற்று. ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. புகார் எழுதினால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே நொடியில் பதில் வருகிறது. எனக்கு வேண்டியது, கால் வலிக்கும்போது முடியாது என்று சொல்லும் உரிமை. அவ்வளவுதான்.

கூட வண்டி ஓட்டும் ஷரஃபுதீன் வழி சொன்னான்.

"ஃபிரெட்ரிக்கு, சிக்னல் இல்லாத எடமா பாத்து குந்திக்கோ மச்சி. ஆர்டர் வேற ஆளுக்குப் பூடும். உன் கணக்குல தப்பே ஏறாது."

மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சமையலறையை விட்டால் அப்படி ஒரு இடம் ஏது? அங்கே போன் மூச்சே விடாது. கால் வலித்ததும் போய் உட்கார்ந்தேன். கரோல் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, பட்டப்பகல்ல கிச்சன்ல?"

"சுதந்திரமா இருக்கேன்."

"சும்மாதான கீறீங்க. இந்த வெங்காயத்த உரிங்க."

"கால் வலிக்குதுடி."

"கையாலதான உரிக்கப் போறீங்க?"

முதல் நாள் ஒரு கிலோ. மறுநாள் மூன்று கிலோ.

"ரெண்டு பேருக்கு எதுக்குடி இவ்ளோ?"

"நம்ம தெரு சர்ச் குடும்பங்கல்லாம் கூடுற அன்பிய ஜெபத்துக்கு வர்றவங்களுக்கு."

தினமுமா ஜெபம் என்று கேட்க நினைத்தேன். இருபது வருஷமாகக் கேட்காமல் இருந்தே பழகிவிட்டது.

பத்தாம் நாள் கண் எரிந்தது. முதுகு விட்டுப் போனது. இதற்கு மாடி ஏறுவதே மேல் என்று வாசலுக்கு வந்தேன். சிக்னல் வந்தது, ஆர்டரும் வந்தது. பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன். கடையின் பெயர் 'கரோல் வீட்டுச் சமையல்'. விலாசம் எங்கள் விலாசம். கொடுக்க வேண்டிய இடம் ராயப்பேட்டை, நாலாம் மாடி.

உள்ளே ஓடினேன். ஹாலில் கரோல் பிரியாணிப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எப்பலேர்ந்துடி?"

"பத்து நாளா. உரிக்க ஆள் கெடச்சுது, ஆரம்பிச்சுட்டேன்."

"இத்தன நாளா யாரு எடுத்துக்கினு போனது?"

"ஷரஃபுதீன் பாய்தான். இன்னிக்கு அவரு லீவு."

"என்னால ஏற முடியாது. வேற ஆள மாத்தச் சொல்லு."

"நான் யார்ட்டங்க சொல்றது? எழுதிப் போட்டா, கருத்துக்கு நன்றின்னு வருது."

முதல்முறையாக அவள்மேல் பரிதாபம் வந்தது. சரி என்று கையை நீட்டினேன். பார்சலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"புருஷன்கிட்டயேவாடி?"

"நம்பர் இல்லாம யாருக்கும் குடுக்கக் கூடாதாம். வாசல்ல போய் நில்லுங்க, டெலிவரி ஆளுங்க உள்ள வரக் கூடாது."