‘ம்’ கொட்டுவதை நிறுத்தியது குறித்து மாமாவுக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகளும் குதிரையும் நலம். தாங்களும் அத்தையும் நலமென்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

சென்ற வாரம் திங்கட்கிழமை காலை, நீண்ட ஆலோசனைக்குப் பின், இனி ஆயுள் உள்ளவரை யார் பேசினாலும் ‘ம்’ கொட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். தங்கள் மகளுக்கு இதை முறைப்படி அறிவித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “ம்” என்றாள்.

நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தை விட்டுக் குதிரை பழக்கும் தொழில் கற்கச் சேர்ந்தது தங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை அறிவேன். ஞாயிறுதோறும் தெரிவித்து வருகிறீர்கள். எனக்குத் தொழில் சொல்லித் தருபவரை லாயத்தில் எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் சாட்டையைத் தொடமாட்டார். எல்லாம் வாய்ச்சொல்தான். ‘ம்’ என்றால் குதிரை நடக்க வேண்டும், ‘போதும்’ என்றால் நிற்க வேண்டும். ‘போதும்’ என்றதும் நிறுத்திய உயிரை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். என் பொறுப்பில் விடப்பட்ட குதிரையின் பெயர் சம்பந்தி. என்ன செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பதால் வந்த பெயர். நான் சேரும் முன்பே வைத்தது. இதில் தங்களுக்கோ என் அப்பாவுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் நாளே வாத்தியார் கயிற்றை என் கையில் கொடுத்து, குதிரைக்குப் பின்னால் நிற்கக் கூடாது, சட்டென்று கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வர, நான் மரியாதைக்கு ‘ம்’, ‘ம்’ என்று கேட்டுக்கொண்டே வர, சம்பந்தி என் ஒவ்வொரு ‘ம்’முக்கும் மரியாதை கொடுத்து நடந்து, தீவனத் தொட்டியைக் கவிழ்த்து, வாத்தியாரின் சைக்கிள்மேல் ஏறி நின்றான்.

“இன்சூரன்ஸ்,” என்றார் வாத்தியார். என்னை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். “குதிரைமேல ஒரு தப்பும் இல்ல. சொன்னதச் செய்யுது. நீ என்ன சொல்றேன்னு உனக்குத் தெரியுதா?”

“ம்,” என்றேன். சைக்கிளின் இன்னொரு சக்கரமும் போயிற்று.

மறுநாள் சம்பந்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தங்கள் மகள் போன் செய்தாள். கேஸ் தீர்ந்துபோச்சு, குழாயில தண்ணி வரல, மாடி வீட்டுக்காரர் குறைக்கிறேன்னு சொல்லி ரேடியோவைக் கூட்டிட்டார் என்று அவள் வரிசையாகச் சொல்ல, நானும் வரிசையாக ‘ம்’ போட்டதில், அவள் முடிக்கும்போது நானும் சம்பந்தியும் பெரிய ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றோம்.

“என்னங்க மூச்சு வாங்குது, எங்க இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாப்ல.”

“லாயத்துல எதுக்கு பஸ் ஸ்டாப்?”

இதற்குப் பிறகே மேற்படி முடிவு. ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்டால், “சுவத்துகிட்ட பேசறாப்ல இருக்கு” என்று தங்கள் மகள் வருத்தப்பட்டாள். ஆகவே ‘ம்’முக்குப் பதில் ‘சரி’ என்று மாற்றிக்கொண்டேன். ‘ம்’ என்றால் காதில் விழுகிறது என்று பொருள், ‘சரி’ என்றால் சம்மதம் என்று பொருள், இரண்டும் வேறு என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அதற்குள் வீட்டுக்குப் புது பீரோ வந்துவிட்டது, மாடி வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரை எங்கள் வாசலில் நிறுத்துகிறார், குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர்.

இந்த நிலையில்தான் நேற்று முன்தினம் தாங்கள் போனில் பேசினீர்கள். “மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் மாப்ள. ஒண்ணாந்தேதி பழைய சீட்லயே வந்து உக்காந்துடுங்க” என்றீர்கள். நான் “சரி” என்றேன். தாங்கள் சந்தோஷத்தில் அத்தையைக் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. மாமா, அந்தச் ‘சரி’ சம்மதம் அல்ல. அது ‘ம்’.

நாளைக் காலை எனக்குப் பரீட்சை. சம்பந்தியின் சொந்தக்காரரான பல் டாக்டரம்மா வருகிறார். அவர் ஏறி உட்காரும்வரை குதிரை அசையாமல் நின்றால் வாத்தியார் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். அந்த அலுவலக நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்தேன். நான் பக்கம் பக்கமாக எழுதியும் ஒரு ஃபைல் நகர்ந்ததில்லை. இங்கே ஓர் எழுத்துக்கு முழுக் குதிரையே நகர்கிறது. ஆகவே தயவுசெய்து அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அத்தைக்கு வணக்கம். மேனேஜருக்கு வருத்தம். தங்கள் ஆசியை மட்டும் எனக்கு அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று டாக்டரம்மா வந்தார். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தும் பதில் சொல்ல முடியாத நிலையில் பேசிப் பழகியவர். நெடுநேரம் பேசினார். நான் உதட்டைப் பிரிக்கவில்லை. சம்பந்தி கல்லாக நின்றான். அவர் ஏறி உட்கார்ந்தார். வாத்தியார் என் முதுகில் தட்டினார். அப்போது டாக்டரம்மாவுக்கு அவர் அக்காவிடமிருந்து போன் வந்தது. “ம்,” என்றார். “ம்… அப்புறம்? ம்.” நான் ஓடிப்போய் “போதும்” என்று கத்தினேன். குதிரை நின்றது. டாக்டரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, “நான் எங்க அக்காகூட பேசறதுக்கு நீங்க யாரு போதும்ங்கறதுக்கு?” என்று கேட்டுவிட்டு, போனில் மறுபடியும் “ம்” என்றார். அக்காவின் கதை பெரிய கதை. மதியத்துக்கு மேல் இருவரும் நடந்தே திரும்பினார்கள், சம்பந்தி முன்னால், அவர் பின்னால். “இவன் எனக்கு வேணாம். நீங்களே வெச்சுக்குங்க,” என்றார். பழக்கதோஷத்தில் “சரி” என்றேன். “சொந்தக் குதிரை வெச்சிருக்கறவரு இங்க வேலையாள் இல்ல இன்சூரன்ஸ், வாடிக்கையாளர்,” என்றார் வாத்தியார். லாயத்தில் குதிரை நிற்கும் இடத்துக்கு மாத வாடகை உண்டு. ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் சேருகிறேன்.