நான்காம் இடம் குறித்து என் மகளுக்கு

டென்னிஸ்டன், கிளாஸ்கோ
டிசம்பர் 19

அன்பு மகள் ஐல்சாவுக்கு அப்பா மர்டோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மழையும் குறைவில்லாமல் பெய்துகொண்டிருக்கிறது. எடின்பரோவில் நீ சுகமா என்பதை உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எட்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருடமாக, டிசம்பர் முதல் சனிக்கிழமையன்று பாய்டின் ரெக்கார்டு கடைக் கண்ணாடியில் என் பட்டியல் ஒட்டப்படுகிறது: ‘இந்த ஆண்டின் சிறந்த பத்து இண்டி ராக் ஆல்பங்கள், தேர்வு: மர்டோ’. வேண்டியவன், வேண்டாதவன் என்று நான் பார்த்ததே இல்லை. பாய்டின் மைத்துனன் கிடார் வாசித்த ஆல்பத்துக்குப் பத்தில் இடம் இல்லை என்றபோது பாய்ட் மூன்று மாதம் எனக்குத் தள்ளுபடி தரவில்லை, நான் அசைந்தேனா? இந்த வருடம் நூற்று நாற்பது ஆல்பம் கேட்டேன். அதில் முதலிடம் ஆபர்டீன் ‘ஈரக் கையுறைகள்’ குழுவுக்கு, அந்த ஆழ்ந்த சோகத்துக்காக. நான்காம் இடம் உங்கள் ‘தவறான நடைமேடை’ குழுவின் முதல் ஆல்பம் ‘உள்வட்டம்’. நூற்று நாற்பதில் நான்கு. வேறு எந்த அப்பனுக்கும் மகள் கேக் செய்து அனுப்பியிருப்பாள்.

ஆரம்பத்திலிருந்தே இந்த ஆல்பத்தால் எனக்கு நிம்மதி இல்லை. பிப்ரவரியில் நீ அனுப்பிய ரெக்கார்டைப் பிளேயரில் போட்டதும் உன் குரல் அவ்வளவு கனமாக வந்தது, நெஞ்சுச்சளிதான் என்று நினைத்து அன்றைக்கே இருமல் மருந்து இரண்டு பாட்டில் அனுப்பினேன், நீ நன்றி சொல்லக்கூட இல்லை. பிறகு ஏப்ரலில் இங்கே உங்கள் நிகழ்ச்சி. மேடையில் ஏறியதும் எல்லாரும் பதற்றத்தில் தலைதெறிக்க வாசித்தீர்கள், உன் குரலும் பயத்தில் மெலிந்து மேலே போய்விட்டது. வட்டமாகச் சுற்றிவரும் இந்த ஊர்ச் சுரங்க ரயிலை முப்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான், வேகம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் ஃபெர்கஸைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, பயப்படாதே, ரெக்கார்டில் வாசித்த மாதிரி நிதானமாக வாசி என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். அவன் பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை. அடுத்த வாரம் டண்டீயில் அப்படியே நிதானமாக வாசித்திருக்கிறான், மூன்றாவது பாட்டுக்குள் பாதிக் கூட்டம் சிப்ஸ் வாங்கப் போய்விட்டது. நீ போனில், “அப்பா, தயவுசெஞ்சு இனிமே என் டிரம்மர்கிட்ட எதுவும் பேசாதீங்க” என்றாய். நானும் அதன்பிறகு பேசவில்லை. எழுதத்தான் செய்தேன்.

அந்த எழுத்துத்தான் வினை ஆகிவிட்டது. பட்டியலில் நான்காம் இடத்துக்கு நேராக நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இருபத்தாறு வயதுப் பாடகியிடம் அறுபது வயதுத் துயரம். மூன்றாம் பாட்டில் சவ ஊர்வலத்தின் நடை. டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் அவ்வப்போது தூங்கிவிடுகிறார்.’ ஃபெர்கஸின் அம்மா மிஸஸ் கில்லெஸ்பி நம் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பட்டியல் ஒட்டிய மறுநாளிலிருந்து, படிக்கட்டு கழுவும் முறை அவருக்கு வந்தால் நம் மாடிப்படியை மட்டும் விட்டுவிட்டு இறங்கிப்போகிறார். பாய்டின் கடைக் கண்ணாடியில் யாரோ ‘பெற்ற மகளுக்கு வெறும் நான்கா?’ என்று எழுத, அதன் கீழே இன்னொருவர் ‘பெற்ற மகள் என்பதால்தானே நான்கு?’ என்று எழுத, நான் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன். உன் அம்மாவோ, “அந்தப் பட்டியலையே கட்டிக்கிட்டு அழுங்க” என்று சொல்லிவிட்டுக் கொத்துக்கறியை உருளைக்கிழங்கு இல்லாமல் தட்டில் வைக்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். நீ கடைசியாகப் போனில் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. “நாலாவது இடம்னா நாலாவது இடம், பரவாயில்லப்பா. ஆனா நீங்க அதைக் கேக்கவே இல்லைன்னு தோணுது. நான் புத்தாண்டுக்கு வரல.”

கேட்கவே இல்லையா? நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறேன், ஐல்சா. பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் முப்பத்தெட்டு நிமிடம். (உறைமேல் நீ இருபத்தெட்டு நிமிடம் என்று அச்சடித்திருக்கிறாய். பள்ளியிலிருந்தே உனக்குக் கணக்கு வராது, சரி போகட்டும்.) இரண்டாம் பாட்டு ஒரு சுற்று கூடுதல் நீளம் என்று கண்டுபிடித்தவன் நான். மூன்றாம் பாட்டில் ஒரு வரி என்ன செய்தும் பிடிபடவில்லை, நாற்பத்தொரு முறையும் நோட்டில் ‘புரியவில்லை’ என்று நேர்மையாகக் குறித்திருக்கிறேன். இதைவிட ஒருவன் எப்படிக் கேட்பது? கசாப்புக் கடைக்காரர் புத்தாண்டு இறைச்சி அப்பம் எத்தனை பேருக்கு என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார். உன் அம்மா வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். இருபத்தாறு வருடமாக மூன்று பேருக்குச் சொன்ன வாயால் இரண்டு என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு நான்குதான். மகளின் கோபத்துக்காக ஒரு எண்ணை மாற்றினால், இருபத்திரண்டு வருடப் பட்டியலையும் நான் கொளுத்திவிட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைத் துணியால் மூடிக்கொள், அந்த எடின்பரோக்காரர்களை ரொம்ப நம்பாதே. நீ எங்கே பாடினாலும் அரங்கம் நிறையட்டும்.

உன் நலம் தவிர வேறு நினைப்பில்லாத,
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறைக்குள் வைத்த நேரத்தில் மிஸஸ் கில்லெஸ்பி கதவைத் தட்டினார். அந்த ஆல்பம் வாசித்து அவர் பிள்ளை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தானாம், அவனா தூங்கினான் என்று ஒரே சண்டை. காதால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ரெக்கார்டைப் போட்டேன். அரை நிமிடம் கேட்டார். “மர்டோ, இதுல வாசிக்கிறது என் பிள்ளை இல்ல. பாடறது உங்க பொண்ணும் இல்ல. யாரோ தண்ணித்தொட்டிக்குள்ள விழுந்துட்டுப் புலம்புறாங்க” என்றார். பிறகு ரெக்கார்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுவில் ஒட்டிய தாளைப் படித்து, நாற்பத்தைந்து என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

ஐல்சா, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்ற வேகம் ஒற்றைப் பாட்டுச் சின்ன ரெக்கார்டுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நான் ஒற்றைப் பாட்டு வாங்குவதில்லை என்பது ஊருக்கே தெரியும். பிளேயரின் வேக விசை முப்பத்துமூன்றிலேயே துருப்பிடித்துக் கிடந்தது, இத்தனை நாளும் எல்லாமே மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. உன் அம்மா வெண்ணெய்க் கத்தியைக் கொண்டுவந்து, ரொம்ப சந்தோஷமாக, அதை நெம்பித் தள்ளினாள்.

இருபத்தெட்டு நிமிடம். உன் கணக்கு சரி. ஃபெர்கஸ் ஒரு கணம்கூடத் தூங்கவில்லை, அவனிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு முகம் இல்லை. உனக்குச் சளியும் இல்லை. மூன்றாம் பாட்டு சவ ஊர்வலம் இல்லை. அப்பா ஓட்டும் ரயிலில் ஒரு சின்னப் பெண் இறங்கவே மாட்டேன் என்று பதினைந்து நிலையத்தையும் எண்ணிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள், சிரிக்கிறாள். புரியவில்லை என்று நாற்பத்தொரு முறை எழுதிய வரி, ‘இன்னும் ஒரு சுற்று, அப்பா’. உன் அம்மா அழுதாள். நானும் அழுதேன். மிஸஸ் கில்லெஸ்பி நம் சமையலறையில் புகுந்து தேநீர் போட்டார்.

நீ சொன்னது உண்மை. நான் கேட்கவே இல்லை.

பாய்டிடம் போய்ப் பட்டியலைக் கிழித்துவிட்டேன். உன் ஆல்பத்துக்கு இனி எந்த இடம் என்று கேட்காதே, நானே பாட்டில் வருகிற ஆல்பத்தை நான் வரிசைப்படுத்தக் கூடாது. (இரண்டாம் பாட்டு இப்போதும் ஒரு சுற்று கூடுதல் நீளம்தான்.) இன்னொன்றும் சொல்லவேண்டும். முதலிடம் கொடுத்த ஈரக் கையுறைகளின் நடுத்தாளையும் பார்த்தேன். அதுவும் நாற்பத்தைந்து. சரியான வேகத்தில் அது கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டு. மிச்ச இருபத்தொரு வருடத்தையும் எடுத்துப் பார்க்கலாமா என்று உன் அம்மா கேட்கிறாள், நான் அலமாரியைப் பூட்டிவிட்டேன்.

கசாப்புக் கடையில் சொல்லியாயிற்று. உன் அம்மா, நான், நீ, ஃபெர்கஸ். அப்பம் நான்கு பேருக்கு. அந்த எண்ணைப் பார்த்து மறுபடி கோபப்படாமல் வந்து சேர்.