கத்தி திரும்பிய திசை

ஹைனியார்வி ஏரிக்கு அப்பால் என்சியோவின் மரக்கொட்டகை. சனிக்கிழமை விடிந்தால் போதும், கார்கள் பனியில் வந்து நின்றுவிடும். பக்கத்துப் படைமுகாமிலிருந்து லெபனானுக்கு அமைதிப்படை கிளம்புகிற பருவம் அது. போகிற பையன்கள், அனுப்புகிற அம்மாக்கள், மனைவிகள், மாமனார்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். யாரும் யாரோடும் பேசவில்லை. மற்ற நாடுகளில் மூடநம்பிக்கை என்றால் மேளம் உண்டு, கூச்சல் உண்டு. பின்லாந்தில் அதையும் வாய் திறக்காமல், இடைவெளி விட்டு, ஒழுங்காகச் செய்வார்கள்.

என்சியோ கத்தி விற்பவர். இல்லை, அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவர் விற்பதில்லையாம். கத்திதான் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கிறதாம். பணம் மட்டும் கத்திக்குப் பதிலாக அவர் வாங்கி வைத்துக்கொள்கிறார்.

அவரிடம் கத்தி வாங்கிப் போனவர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கொட்டகைச் சுவர் முழுக்க அவர்களுடைய புகைப்படங்கள், எல்லோரும் சிரித்தபடி. முகாமின் சமையல்காரர்கள்கூடத்தான் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் கையில் கரண்டி இருந்தது. கரண்டியை ஒருவரும் சுவரில் மாட்டவில்லை.

முன்பு இதே மனிதர் வீடு வீடாகத் தூசு உறிஞ்சும் கருவி விற்றார். அது தூசை உறிஞ்சவில்லை என்று வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். பாடம் கற்றுக்கொண்டார். இப்போது உயிரை விற்கிறார். சரக்கு சரியில்லை என்று சொல்ல, வாங்கினவன் திரும்பி வரமாட்டான்.

துய்யாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் ஊர் மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலி. அடுத்தவர் முட்டாள்தனத்தை வாசலில் தடுக்கிற வேலை அவளுடையது இல்லை. ஆனால் அது அவள் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. லெபனானுக்குப் போகிற அவள் கணவன் ரூப்பே இரண்டு கோப்பை காப்பியைப் பேசாமல் குடித்தான். அது வழக்கம்தான். ஆனால் ஏலக்காய் ரொட்டியைத் தொடவில்லை. அது வழக்கம் இல்லை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

காற்றில் ஜன்னல் மெல்ல அதிர்ந்தது. அவள் ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"என்சியோகிட்ட போயிருந்தேன். முகாம்ல கூட இருக்கிற அர்த்துதான் கூட்டிட்டுப் போனான்," என்றான். "என் கத்தி எனக்கு முதுகு காட்டிருச்சு."

"கத்திக்கு முதுகு இருக்கு, சரி. அதை எதுக்கு உனக்குக் காட்டுது?"

"சிரிக்காத துய்யா. இந்தக் கத்தியோட போறவன் வீடு திரும்பமாட்டான்னு அர்த்தம். எதிரவே உக்காந்து பாத்தேன். தானா திரும்புச்சு."

அவள் சிரிக்கவில்லை. கவச வண்டி ஓட்டப் போகிறவன் ஒரு கத்திக்குப் பயந்து உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கத்தியை இருவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மடக்குக் கத்தி வேண்டாம், கீலில் மணல் புகுந்தால் திறக்காது என்று முதலிலேயே தள்ளினார்கள். ஈரக் கையுறை மாட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தார்கள், விழுகிறதா என்று. அலகின் இரும்பு பிடிக்குள்ளே அடிவரை ஓடுகிறதா என்று கேட்டுக் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்தார்கள். கடைசியில் வாங்கியது கறுப்புப் பிடி போட்ட, அழகே இல்லாத, குட்டையான ஒரு கத்தி. இலையுதிர் காலப் பயிற்சியில் வண்டி சதுப்புக் கால்வாயில் கவிழ்ந்தபோது, சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கி மூச்சுத் திணறிய அர்த்துவை ரூப்பே அதை வைத்துத்தான் அறுத்து இறக்கினான். அப்போது அது யாருக்கும் முதுகு காட்டவில்லை.

"இப்ப என்ன செய்யணுமாம்?"

"பழைய கத்தியை சதுப்புல போட்டுடணும். வர்ற சனிக்கிழமை அவர் கத்தி ஒண்ணு என்னைத் தேர்ந்தெடுக்கும்."

"தேர்ந்தெடுக்கும்னு இப்பவே தெரியுமா?"

துய்யா வெகுநேரம் மேசையைத் துடைத்தாள். மேசை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நானும் வரேன்," என்றாள்.

சனிக்கிழமை கொட்டகை வாசலில் ஒரு மரப்பெட்டி. கைபேசி, கடிகாரம், திசைகாட்டி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஓர் இரும்பு பேசும்போது இன்னோர் இரும்பு காது கொடுக்கக் கூடாதாம். படையில் சேர்ந்த முதல் வாரமே திசைகாட்டி பிடிக்கக் கற்றுக்கொண்ட வீரர்கள் சாதுவாக அதைப் பெட்டியில் போட்டார்கள். துய்யா அந்தப் பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஒரு மரத்தொட்டி. அதைக் கட்டிய வளையம்கூட இரும்பில்லை, மரம். நீரில் ஒரு பலகைத் துண்டு மிதந்தது. தொட்டியின் ஒரு பக்கம் 'கேட்கும் முக்காலி', எதிர்ப்பக்கம் அடுப்போரமாக 'வீடு திரும்பும் முக்காலி'. யார் எதில் உட்கார வேண்டும் என்று என்சியோ கை காட்டுவார். காட்டிய இடத்தில் உட்காருவார்கள். பெரியவர் உட்காரச் சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை.

வந்தவன் தன் கத்தியைக் கொடுத்தால், தோலில் சுற்றிய ஒரு கல்லால் அதைத் தடவி 'எழுப்பி', பலகையில் வைப்பார். ஆளைக் கேட்கும் முக்காலியில் உட்காரவைப்பார். கத்தி நிதானமாகத் திரும்பி அவனுக்குப் பிடியைக் காட்டும். கூட்டம் மூச்சை இழுக்கும். பிறகு அவருடைய கத்தி வரும். கலைமான் கொம்புப் பிடி, அலகில் செதுக்கிய கரடி, ஆணி மாதிரி ஒல்லியாகப் பிடிக்குள் நுழைகிற இரும்பு. இப்போது ஆளை வீடு திரும்பும் முக்காலிக்கு மாற்றுவார். கத்தி நிதானமாகத் திரும்பி நுனியை அவனுக்குக் காட்டும். கூட்டம் மூச்சை விடும்.

துய்யா சிலரைப் பார்த்தாள். வீட்டிலிருந்து வந்த கத்தி எல்லாமே முதுகு காட்டியது. என்சியோவின் கத்தி எல்லாமே முகம் காட்டியது. மனிதர்கள் மாறினார்கள். பயம் மாறியது. கத்தி மட்டும் ஒவ்வொரு முறையும் அடுப்பைத்தான் பார்த்தது.

ரூப்பேயின் முறை வந்தது. அடுப்போரம் உட்கார்ந்தான். கரடிக் கத்தி அவனை நோக்கித் திரும்பியது. அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். என்சியோவின் மேல் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"நான் ஒரு நிமிஷம் அங்க உக்காரலாமா?" என்று கேட்டாள்.

"நீங்க லெபனானுக்குப் போறீங்களா அம்மா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு? போறவனைத்தான் இரும்பு தேடும். போகாதவங்களைத் திரும்பியும் பாக்காது."

"நிச்சயமாவா?"

"நாப்பது தலைமுறையா நிச்சயம்."

"அப்ப பாக்காம இருக்கட்டுமே. அதைத்தான் பாக்கணும்."

என்சியோ புன்னகைத்தார். பெண்கள் நீர்ப்பக்கம் வந்தால் இரும்பு குழம்பிவிடும் என்றார். வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"சரி, பெண்கள் வேண்டாம்," என்றாள் துய்யா. "அர்த்து, அதைக் கொடு."

அர்த்து வாசலில் தணலில் சுட்ட இறைச்சிச் சாசேஜ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். "இன்னும் முடிக்கலையே," என்றான்.

"பாதி போதும்."

ரூப்பேயை எழுப்பிவிட்டு முக்காலியில் அந்தப் பாதிச் சாசேஜை வைத்தாள். பலகையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கரடிக் கத்தி சுழன்றது, தயங்கியது, மெல்லத் திரும்பியது. மிகுந்த மரியாதையோடு சாசேஜை நோக்கி நின்றது.

அடுப்பில் விறகு வெடித்தது.

"வாழ்த்துகள்டா," என்று அர்த்து சாசேஜைப் பார்த்துச் சொன்னான். "நீ பத்திரமா வீடு திரும்பிடுவ. என் வயித்துக்குள்ள வராம இருந்தா."

"அதுல ரத்தம் இருக்கு," என்றார் என்சியோ. "இரும்புக்கு ரத்த வாசனை தெரியும்."

நம்புங்கள், அதற்கும் ஒருவர் தலையாட்டினார்.

ரூப்பே தலையாட்டவில்லை. அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சுற்றி நடந்தான். கேட்கும் முக்காலியில் போய் உட்கார்ந்தான். சற்றுமுன் அவனைத் தேர்ந்தெடுத்த கத்தி அவன் பின்னாலேயே வரவில்லை. பிடியைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"நான்தான் வந்திருக்கேன்," என்றான் மெதுவாக. "ரத்தமும் கூடவேதான் வந்திருக்கு. திரும்பலையே."

அதை எடுத்து வைத்துவிட்டு, சதுப்பில் போடுவதற்காக இடுப்பில் கொண்டுவந்திருந்த தன் கறுப்புப் பிடிக் கத்தியைப் பலகையில் வைத்தான். போன வாரம் அந்தக் கல் தடவியதுதான். அடுப்போரம் வந்து உட்கார்ந்தான். அழகில்லாத அந்தக் கத்தி நிதானமாகத் திரும்பி அவனுக்கு முகம் காட்டியது.

அர்த்து வாசலுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்துவந்து தள்ளி நின்று நீட்டினான். முள்ளும் கத்தியும் ஒரே பக்கம் பார்த்தன.

"அடுப்பு வடக்கால இருக்கு," என்றான். "அவ்வளவுதான்டா விஷயம். கல்லு இல்ல அது, காந்தம். காந்தம் தேச்ச கத்தி தண்ணியில மிதந்தா வேற என்ன செய்யும்? இதை நமக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தாங்க. பரீட்சையில நான் சரியாக்கூட எழுதினேன்."

என்சியோ தோலில் சுற்றிய கல்லைப் பைக்குள் போட்டார். சுவரோரம் நின்ற ஓர் அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"போன வாரம் என் பையனுக்குக் கத்தி முதுகு காட்டுச்சு," என்றாள். "வீட்டுக்கு வந்து அழுதான். நான் செத்துருவேன்னு அழுதான். அது எந்தத் திசைங்க?"

என்சியோ பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ரூப்பே தன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"பயம் போச்சா?" என்று கேட்டாள் துய்யா.

"இல்ல. இருக்கத்தான் செய்யுது," என்றான். "ஆனா இது என் பயம். அவன் வித்தது இல்ல."

வெளியே வரிசை அப்படியே நின்றது. உள்ளே நடந்தது அதுவரை போய்ச் சேரவில்லை. முன்னால் நின்ற ஒருவர் தயங்கிக் கேட்டார்.

"உங்களுக்குத் திரும்புச்சா?"

"எங்களுக்கு என்ன, பாதிச் சாசேஜுக்கே திரும்புச்சு," என்றான் அர்த்து.

அந்த மனிதர் வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப ரொம்ப சக்தியுள்ள கத்திதான்," என்றார். தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

கத்தி திரும்பும். காந்தம் தேய்த்த எந்த இரும்பும் திரும்பும். தலையை நாலு பக்கமும் திருப்பக்கூடிய கழுத்தோடு பிறந்துவிட்டு, உட்காரச் சொன்ன முக்காலியைவிட்டு எழுந்து ஒருமுறை சுற்றிப் பார்க்காத மனிதர்களே, நீங்கள் எப்போது திரும்பப்போகிறீர்கள்?