வட்டியில்லாத வெயிட்டிங்

கையில் ஐந்து ரூபாய்த் தாளை ஆட்டியபடி நஜீமுதீன் ஆட்டோவின் பின்னால் ஓடினார். இப்படி ஓடுகிறவர்கள் பொதுவாகக் காசு கேட்டுத்தான் ஓடுவார்கள். இவர் கொடுக்க ஓடினார்.

"தங்கராசு, நில்லுப்பா. வெயிட்டிங் காசு வாங்காமப் போறியே."

"வுடுங்க பாய். ஹஃபீசா தங்கச்சி டாக்டரப் பாத்துட்டு வர கால் மணி நேரம் ஆச்சு. அதுக்கெல்லாமா காசு வாங்குவாங்க?"

ஆட்டோ லப்பைக்குடிக்காட்டு முக்கில் திரும்பி மறைந்தது.

நஜீமுதீன் துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த முதல் வாரமே, இன்ஜின் போய் நின்ற தங்கராசுவின் ஆட்டோவுக்கு எட்டாயிரம் ரூபாயை வட்டியில்லாமல், மார்க்கம் சொல்லும் அழகிய கடனாகக் கொடுத்தார். கடன் வாங்கியவரிடமிருந்து ஒரு சின்னச் சலுகை பெற்றாலும் அது வட்டிதான் என்று ஒரு பயான் பிரசங்கக் கேசட்டில் கேட்டிருந்தார். நாமாக இருந்தால் அந்த இடத்தில் கேசட்டைக் கொஞ்சம் ஓட்டிவிட்டிருப்போம். அவர் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்.

மறுநாள் அந்த ஐந்து ரூபாயைத் தங்கராசுவின் மனைவி பாப்பாயி கையில் திணித்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே குன்னத்துக் கொல்லையில் விளைந்த சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, பாப்பாயி உபயத்தில் வாசலில் இறங்கியது. அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் அவர் மனைவி ஹஃபீசா அதில் பாதியை உரித்துக் குழம்பில் போட்டிருந்தாள்.

"இது வட்டி, ஹஃபீசா."

"வெங்காயங்க."

மீதியை எடை போட்டு, குறைந்ததைக் கடையில் வாங்கிச் சேர்த்து, பையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். தங்கராசு பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வூட்டுப் பொருளு ஒங்களுக்கு ஆவாதா பாய்?"

"சேச்சே, அப்படி இல்லப்பா. மறுமையில நான் பதில் சொல்லணும்."

"நான் இங்கயே பதில் சொல்லணுங்க, எம் பொண்டாட்டிக்கு."

வம்பே வேண்டாமென்று நஜீமுதீன் ஆட்டோவில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு திருமாந்துறையிலிருந்து உச்சி வெயிலில் நடந்தார். பின்னாலேயே நடை வேகத்தில் ஒரு காலி ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

"ஏறுங்க பாய், ஊரே பாக்குது."

"முழு வாடகை வாங்குவியா?"

"மாட்டேன்."

"அப்ப நடக்குறேன்."

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பாயே ஏற மாட்டேன் என்கிறார் என்றால் அந்த ஆட்டோவில் ஏதோ கோளாறு என்று முடிவும் கட்டிவிட்டது. ஸ்டாண்டில் தங்கராசுவின் வண்டியைத் தாண்டிப் போய் அடுத்த வண்டியில் ஏறினார்கள். பத்து நாள் ஓட்டம் படுத்தது.

பதினோராம் நாள் தங்கராசு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நாளைக்கு ஒங்க எட்டாயிரத்தக் கொண்டாந்து குடுத்துடுறேன் பாய். பெரம்பலூர்ல ஒரு பைனான்ஸ்ல கேட்டிருக்கேன். மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டி."

வட்டிக்குப் பயந்து நஜீமுதீன் ஓடிய ஓட்டம், இன்னொரு மனிதரை நேராக வட்டிக்கடைக்குள் தள்ளிவிட்டது. மகள் ஷஹானாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி இமாம் ஹஜ்ரத்தைக் கூட்டிவரச் சொன்னார்.

ஹஜ்ரத் வந்தார். கேசட்டிலிருந்து வெங்காயம் வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டார். சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டு நஜீமுதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு ரூபாய்க்கு இவ்வளவு பயப்படுற ஆள இந்த ஊர்ல நான் பாத்ததில்ல பாய். அல்லா ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனா அந்தக் கேசட்ட முழுசாக் கேட்டீங்களா?"

"மறுபக்கம் டேப் சிக்கிக்கிச்சு ஹஜ்ரத்."

"அதான பாத்தேன். கடனுக்கு முந்தியே பழக்கத்துல இருந்த உபகாரம்னா அது வட்டியில சேராது. கடன் குடுத்த பின்னாடி புதுசா மொளச்சாத்தான் சிக்கல். இது எப்ப ஆரம்பிச்சது?"

"கடன் குடுத்த பின்னாடிதான்" என்றார் நஜீமுதீன், குற்றவாளியைப் போல.

தங்கராசு கழற்றிப் போட்ட செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு மறைவிலிருந்து ஹஃபீசாவின் குரல் வந்தது.

"இவரு துபாயில இருந்த பதினோரு வருசமும், அத்தைய ஆஸ்பத்திரிக்கும் புள்ளயப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிட்டுப் போயிக் காத்துக்கெடந்ததுக்குத் தங்கராசு அண்ணன் ஒத்தப் பைசா வாங்குனதில்ல; இதுல கடன்காரரு யாருன்னு நீங்களே சொல்லுங்க ஹஜ்ரத்."