ராண்டாவுக்கு அடங்காத கற்றை

எலக்ட்ரான் கற்றை மறுபடியும் செம்புக் கிண்ணத்தின் ஓரத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கிண்ணத்தின் நடுவே இருக்கும் பூச்சு மருந்தை ஆவியாக்கி லென்ஸில் படியவைப்பதுதான் அதன் வேலை. ராண்டா எந்திரத்தின் மேல் இடுப்பைச் சாய்த்து, பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பல்லைக் கடித்தாள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியின் கண் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்புக்கான லென்ஸ்கள் மாலை விமானத்தில் அடிலெய்டிலிருந்து போயாக வேண்டும். போகாவிட்டால் நாளை அங்கே ஆபரேஷன் இல்லை. கைவசம் இருந்ததோ இரண்டே ஜோடி.

"கற்றையை வளைக்கிற காந்தத்தோட குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பாரேன்," என்றான் கூட வேலை செய்யும் ஸ்பிரோ.

திருப்பினாள். கற்றை நடுவுக்கு வந்தது. நிம்மதியாகக் காபி எடுக்கப் போனாள்.

"ராண்டா! இப்ப அந்தப் பக்கம் ஓடிடுச்சு!"

ஓடி வந்து எட்டிப் பார்த்தால், கற்றை நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. அதற்குள் கிண்ணத்துச் செம்பே ஆவியாகிப் படிந்து முதல் ஜோடி லென்ஸ் பாழாகியிருந்தது.

"எதைத் தொட்டுத் தொலைச்ச?"

"எங்கம்மா சத்தியமா எதையும் தொடல! நீ கிட்ட நின்னா ஒழுங்கா இருக்கு, நகர்ந்தா ஆட்டம் போடுது. உன்னைக் கண்டா அதுக்கும் பயம் போல."

"எனக்கு இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உன் ஜோக்கை அப்புறம் வெச்சுக்க."

அந்த இடுப்பு வலிக்கென்று கணவன் கீத் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த பெல்ட்டைக் காலையில்தான் கோட்டுக்குள் கட்டியிருந்தாள். அதனாலும் எள்ளளவு பிரயோசனமில்லை.

கற்றை புறப்படும் இடத்தில் திருகு ஏதாவது தளர்ந்திருக்கும் என்று எந்திரத்தைத் திறந்தாள். ஒன்றை இறுக்கினாள். ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு, அங்கேயே சாய்ந்து ஒரு வாய் காபி குடித்துத் திரும்பினால் ஸ்பேனரைக் காணோம்.

"ஸ்பிரோ, ஸ்பேனர் எங்க?"

"உன் கையிலதான இருந்துச்சு? என்னைக் கேட்டா?"

எந்திரத்துக்குள் விழுந்துவிட்டதோ என்று பயந்து, உள்ளே இருந்ததையெல்லாம் குறடால் கழற்றித் தரையில் பரப்பினாள். ஸ்பேனர் அங்கும் இல்லை. இனி கழற்றியதைச் சரியாக மாட்டவும் அதே ஸ்பேனர்தான் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, மூக்கில் வந்த தோல் புற்றுக்குச் சிகிச்சை முடித்துக்கொண்டு கீத் சிரித்தபடி உள்ளே வந்தான்.

"ஆஸ்பத்திரியிலயும் இதே எலக்ட்ரான் கற்றைதானாம், கண்ணு. என்னமா குறி பார்க்குது! மூக்கை விட்டு ஒரு இம்மி நகரல."

"அப்ப போய் அதோடயே குடித்தனம் பண்ணு!"

ராண்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் முதுகைப் பார்த்த கீத், குனிந்து கோட்டிலிருந்து எதையோ வெடுக்கென்று பிடுங்கினான். அவன் கையில் ஸ்பேனர்.

"பரவாயில்லையே, கடைக்காரன் ஏமாத்தல. பெல்ட்டு சுத்தி வெச்சுத் தைச்சிருக்கிறதெல்லாம் அசல் காந்தம்தான்!"