பதிலளிக்க மறுத்த மூத்த தரப்பு

மதிப்பிற்குரிய தம்பிக்கு,

மூத்தவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் என் மகளும் சுகம். பின் தெருவில் தனிக் கடை போட்டுக்கொண்டு போன உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். உன்னோடு பேசுவதில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் சொன்னதில் இன்றும் மாற்றம் இல்லை. எழுதுவதில்லை என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

என் மகள் பல்கலைக்கழகத்தில் பொதுத் தொடர்பும் ஊடக எழுத்தும் படிக்கிறாள். அது என்ன படிப்பு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் ரிப்பேருக்கு வந்த ஃபேனைக் கழற்றுவதில் மும்முரமாகிவிடுவேன். இந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். தீராமல் கிடக்கும் ஒரு தகராறை எடுத்து, இரு தரப்பையும் விசாரித்து, செய்திக் கட்டுரை எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் குப்பை வண்டி, தெருவிளக்கு என்று கௌரவமாகப் போயிருக்கிறார்கள். இவள் நம் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டாள். “ஏம்மா, ஊர்ல வேற சண்டையே இல்லையா?” என்றேன். “இருக்குப்பா, இதுதான் பஸ் செலவில்லாம கிடைக்குது” என்றாள். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதுவதால் இரண்டு மடங்கு நடுநிலை வேண்டும் என்று பேராசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மகள் இல்லை, நிருபர்தான் இருக்கிறாள்.

ஒரு அம்மாள் மிக்ஸி ஜாரோடு நின்றுகொண்டிருக்கும்போது இவள் கடைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “சண்டைக்கு என்ன காரணம்?” என்று கேட்டாள். போய் வேலையைப் பார் என்றேன். சாயங்காலம் பார்த்தால், ‘மூத்த தரப்பு பதிலளிக்க மறுத்துவிட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறாள். படிக்கிறவன் என்ன நினைப்பான்? நான்தான் எதையோ ஒளிக்கிறேன் என்று நினைக்க மாட்டானா? உடனே உட்காரவைத்து, கடைக்கு மேலே போர்டு மாட்ட ஏணியில் ஏறியது, நீ கீழே பிடித்துக்கொண்டிருந்தது, ஏணி சறுக்கி நான் விழுந்தது, விழுந்தவனைத் தூக்காமல் தெருவே பார்க்க நீ நின்று சிரித்தது எல்லாவற்றையும் தொண்டை வறளச் சொன்னேன். அவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘ஏணியிலிருந்து விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்று ஒரே வரி. கூறப்படுகிறதாம்! “இடுப்புல கட்டு போட்டுக்கிட்டு படுத்திருந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?” என்று கத்தினேன். “எக்ஸ்ரே இருந்தா கொடுங்க, உறுதின்னு போட்டுடலாம்” என்கிறாள். அலமாரியைத் தலைகீழாகப் புரட்டி எக்ஸ்ரேயைத் தேடியதில் அதே இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது.

சரி, உன் அண்ணி சாட்சி சொல்லட்டும் என்றேன். மனைவி சொன்னால் சார்பு வந்துவிடுமாம். ஆனால் அடுத்த நாள் கட்டுரையில், ‘பெயர் குறிப்பிட விரும்பாத குடும்ப வட்டாரம்’ என்று ஒன்று முளைத்திருக்கிறது. இந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான் சொல்லவில்லை, அவள் எழுதுகிறாள், மிச்சம் யார் என்று தெரியாத மடையனா நான்? அந்த வட்டாரம் என் மேல் தோசைக்கரண்டியை ஓங்கிக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்கிறது. அது என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? மூத்த தரப்பு பின் தெரு வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லாதபோதும் அந்த வழியாகவே போகிறதாம், போய்வந்து இளைய தரப்பின் கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று வீட்டில் வந்து சொல்கிறதாம். வண்டியைத் திருப்ப அங்கேதான் இடம் இருக்கிறது. இதை நான் மறுப்பாகக் கொடுத்தேன், அதை அவள் போடவில்லை.

அதோடு விட்டாளா? எதிர்க்கடைத் தையல்காரரிடம் போயிருக்கிறாள். அவர் யார் பக்கமும் இல்லாத நேரடி சாட்சியாம். அவர், “அவன் எங்கம்மா சிரிச்சான்? பயந்தா அவனுக்குப் பல்லு வெளிய வந்துரும். அரண்டுபோய் நின்னான். உங்கப்பாவை ஆட்டோவுல ஏத்துனதும் நடுரோட்டுல உக்காந்து அழுதான்” என்று சொல்லியிருக்கிறார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் நாய் துரத்தியபோது நீ பல்லைக் காட்டிக்கொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அன்று கடையை நேரத்தோடு மூடிவிட்டேன். மனசு சரியில்லை. அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. பயந்தவன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்திருக்கலாம். வந்தபோது நான்தான் கதவைச் சாத்தச் சொன்னேன் என்று உன் அண்ணி சொல்கிறாள், அதுவும் பெயர் குறிப்பிட விரும்பாத தகவல்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பதில் இல்லாமல் கட்டுரையை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், ஒருதலைப்பட்சம் என்று மார்க்கில் கை வைத்துவிடுவார்களாம். பிள்ளை உனக்குப் போன் செய்தபோது, “அப்பா கேக்கச் சொன்னாரா?” என்றாயாம். “இல்ல சித்தப்பா, கட்டுரைக்காக” என்றதும் வைத்துவிட்டாயாம். என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை படிப்பில் காட்டாதே. போனை எடுத்து, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல். என்னைப் பற்றி மோசமாகவே சொல்லலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கமோ கடைப் பக்கமோ வந்துவிடாதே. எனக்குத் தம்பி இருந்தான் என்பதையே மறந்து வெகுநாள் ஆகிறது. இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் முழிப்பதாக இல்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. மூத்தவன் என்ற கடமைக்கு உனக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
மூத்த தரப்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அவளிடம் பேச்சுவாக்கில், “நாங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டா என்னம்மா ஆகும்?” என்று கேட்டுவைத்தேன். “ஐயோ அப்பா, சண்டை முடிஞ்சா கட்டுரையே முடிஞ்சுது. திங்கக்கிழமை கொடுக்கணும், கெடுத்துடாதீங்க!” என்று பதறிவிட்டாள். ஆகவே திங்கட்கிழமை வரை நாம் ஜென்ம விரோதிகள், அதில் ஒரு குறையும் வைக்காதே. செவ்வாய்க்கிழமை காலையில் உன் கடையைத் திறக்காதே. நேராக இங்கே வா. கதவைச் சாத்த மாட்டேன்.