பச்சைத்தண்ணி அக்காவும் வெள்ளை டைல்ஸும்

குழம்பைச் சிந்தாமல் சாப்பிடவும், டீயைத் தளும்பவிடாமல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவும் தெரிந்த ஒரு பெண்ணை ராமநாதபுரத்தில் எங்கேயாவது பார்த்தால், "நீங்க அந்த ஹாஸ்டல்லயா இருந்தீங்க?" என்று தைரியமாகக் கேளுங்கள். இருந்திருப்பாள். எங்களில் யாரும் அப்படி நறுவிசாகப் பிறந்தவர்கள் இல்லை. பயத்தில் அப்படி ஆனவர்கள். அந்தப் பயத்துக்குப் பெயர் பச்சைத்தண்ணி அக்கா.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் எங்கள் ஹாஸ்டலின் நோட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கே எது சிந்தினாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "பச்சத்தண்ணி!" அதையும், கூரையில் தீப்பிடித்ததைப் பார்த்தவள் மாதிரி கத்துவாள். சொந்த ஊர் அக்காள்மடம். நாற்பது வயதிருக்கும். ஊருக்குள் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை. டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ரத்தம் பட்டால் அவர் முகத்தைவிட அக்கா முகம்தான் அதிகம் வெளுக்கும் என்று சொல்வார்கள்.

நான் கமுதிப் பக்கத்துக் கிராமம். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை கிடைத்து வந்திருந்தேன். முதல் நாள் மத்தியானம், யாரையும் தெரியாத கூச்சத்தில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு சொட்டு சாம்பார் துப்பட்டாவில் விழுந்தது. சொட்டு விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து ஒரு உருவம் பாய்ந்து வந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. துப்பட்டா குழாயடிக்குப் போனது. அதற்குள் நான் இருந்ததால் நானும் கூடவே போனேன்.

"தேய்க்காத! தேய்ச்சா உள்ள போயிரும். ஒத்தி எடு!"

"அக்கா, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல..."

"சோறு எங்கயும் போயிராது. இது போயிரும்."

அவள் கைப்பையில் எதுவும் அதனதன் வேலைக்கு இருக்காது. பவுடர் எண்ணெய்க் கறைக்கு. பழைய பல் தேய்க்கிற பிரஷ் சட்டைக் காலருக்கு. சானிடைசர் பால்பாயிண்ட் மைக்கு. பாதி எலுமிச்சம்பழம் ஒன்று எப்போதும் டப்பாவில் கிடக்கும். எதற்கு என்று கேட்டால் "எதுக்கும்" என்பாள். சட்டங்களும் உண்டு. ரத்தத்தில் வெந்நீர் ஊற்றக் கூடாது, முட்டை மாதிரி வெந்து துணியோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கறைக்கு சோப்புப் போட்டதும் சிவந்தால் அலறக் கூடாது, அலசி வெயிலில் போட்டால் சூரியன் பார்த்துக்கொள்ளும். எதிலும் எதையும் கலக்கவே கூடாது. பாத்ரூமில் யாராவது பாட்டிலைத் திறந்த சத்தம் கேட்டாலே வெளியே நின்று கேட்பாள்: "அதுல என்னத்த ஊத்துற?"

ஒருமுறை எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போனோம். நாங்கள் கடலைப் பார்த்தோம். அக்கா ஒரு டூரிஸ்ட்டின் பேன்ட்டைப் பார்த்தாள். வெள்ளைப் பேன்ட், முழங்காலில் கடற்கரைத் தார் அப்பியிருந்தது. மனிதர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அக்கா அவர் முன்னால் மண்டியிட்டு, பையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து முழங்காலில் தடவ ஆரம்பித்துவிட்டாள். இந்த ஊர்ச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். தார் போயிற்று. எண்ணெய்க்குப் பவுடர் போட்டாள். அவர் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டுதான் போனார். திரும்பும்போது, "கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன். "எந்தக் கடலு?" என்றாள்.

இதெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு. நமக்கு நடந்தால் அப்படி இருக்காது. ஒருநாள் என் சென்டர் மேனேஜர் ஏதோ பேப்பர் கொடுக்க ஹாஸ்டல் வாசலுக்கு வந்திருந்தார். மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "ஏத்தா, முதுகுல டீக்கறை! எப்ப பட்டுச்சு? எத்தன மணிக்கு?" போலீஸ் விசாரணை மாதிரி. மேனேஜர் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அவர் போனதும் திரும்பிக் கத்திவிட்டேன்.

"ஒங்களுக்கு மனுசரு கண்ணுக்கே தெரிய மாட்டாங்களாக்கா? இனிமே என் துணி பக்கம் வராதீங்க!"

அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு வாரம் ஆயிற்று. நான் ரசம் சிந்தினால்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அது அவளுக்கு எத்தனை பெரிய சித்திரவதை என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஓனரம்மா எல்லா அறைக்கும் புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்டார். பக்கத்துத் தெருவில் வீடு. ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு வந்து அறை அறையாகப் பார்ப்பார். டைல்ஸில் கறை பட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று ஹாலில் எழுதி ஒட்டியிருந்தார். சும்மா மிரட்டல் என்று நினைத்தோம். நெயில் பாலிஷைக் கொட்டிய ஒரு பெண் முந்தின மாதம் பெட்டியோடு பஸ் ஏறியபோதுதான் அது மிரட்டல் இல்லை என்று தெரிந்தது.

எனக்கு ஹாஸ்டல் போனால் வேலையும் போகும். என் அய்யா மிளகாய் விவசாயி. பெண்ணை வெளியூருக்கு வேலைக்கு அனுப்புவதில் அவருக்குச் சம்மதமே இல்லை. "ஒரு புகாரு வரட்டும், அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லித்தான் விட்டார். பரமக்குடியில் ஒரு மாப்பிள்ளை வீடு வேறு காத்துக்கொண்டிருந்தது.

பேச்சு நின்ற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையைக் கூட்டுவதற்காகக் கட்டிலடியில் இருந்த என் இரும்புப் பெட்டியை நகர்த்தினேன். அய்யா வாங்கித் தந்த பெட்டி. அடியில், பெட்டியின் நாலு ஓரத்தையும் வரைந்தது மாதிரி, செம்மண் நிறத்தில் ஒரு சதுரம். துரு. தரையைத் துடைத்த ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒரே வாரத்தில் வேலையைக் காட்டியிருந்தன. பெட்டியையே திரும்ப வைத்து மறைக்கலாம் என்றால் ஓனரம்மா கட்டிலுக்கு அடியில்தான் முதலில் குனிவார், பெட்டியையும் நகர்த்தச் சொல்வார்.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. அடுத்த அறைக்குப் போய் "அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ரோஷம் விடவில்லை. போனில் வீடியோ பார்த்தேன். ஒன்றில் ப்ளீச் ஊற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் பாத்ரூம் ஆசிட். ஒன்றே போதும் என்றால் இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று என் புத்தி சொன்னது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழ் போட்டேன். முதலில் ப்ளீச். துரு போகவில்லை, இன்னும் கறுத்தது. பதறிப் போய் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன்.

உஸ்ஸென்று நுரைத்தது. ஒரு மூச்சு இழுத்தேன், அவ்வளவுதான். தொண்டைக்குள் மிளகாய் நெடிபோல் ஏறியது. மிளகாய்க் களத்தில் வளர்ந்தவள் நான், அந்த நெடி எனக்குப் பழக்கம். இது அது இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமினேன், இரும இரும இன்னும் உள்ளே இழுத்தது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கை கட்டிலில் பட்டது, சுவரில் பட்டது, தாழ்ப்பாளில் மட்டும் படவில்லை.

வெளியே கதவை யாரோ அறைந்தார்கள்.

"அதுல என்னத்த ஊத்துன?"

பதில் சொல்ல முடியாமல் இருமினேன்.

"குனியாத! இந்த நெடி தரையோடதான் கெடக்கும். நிமிந்து நில்லு! சத்தம் வார பக்கம் வா. கைய மேல வையி. இங்கன, இங்கன!"

ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாழ் விரலில் சிக்கியது. இழுத்தேன். கதவு திறந்ததும் என் கையைப் பற்றி மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

குழாயைத் திறந்து என் கண்ணில் பச்சைத்தண்ணீர் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். "மூச்சு விடு. நெஞ்சு அடைக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள். இருமல் தணிந்த பிறகு, "எதுக்குத்தா இந்த வேல பாத்த?" என்றாள். சொன்னேன். "இந்தா அடுத்த ரூம்புலதான இருக்கேன்" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை.

ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு போய் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு வந்தாள். நெடி போகும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். இருக்கிற மருந்தெல்லாம் போனால்தான் புது மருந்து போடலாம் என்றாள். கடைசியில் துருவின் மேல் உப்பைத் தூவி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஈரத்துணியால் மூடினாள்.

"டைல்ஸா இருந்ததால பொழச்ச. மார்பிளா இருந்தா எலுமிச்ச தரையவே தின்னிருக்கும். நீ வேற ப்ளீச்ச ஊத்தி அத நல்லா உக்கார வச்சிட்ட. ஒரு மணி நேரமாவது ஊறணும்."

மணி பத்தே முக்கால்.

"பதினோரு மணிக்கு அவங்க வந்துருவாங்களேக்கா!"

"நீ இங்கனயே இரு. ஊற ஊற பிரஷ்ஷால மெதுவாத் தேயி, திரும்பப் பழம் பிழி. நான் கீழ போறேன்" என்று இறங்கிவிட்டாள்.

பதினொன்றுக்கு கேட் திறந்தது. மாடிப்படிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். ஓனரம்மா சந்தன நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர், போகிற வழியில் சோதனையை முடித்துவிடலாம் என்று வந்திருக்கிறார். நேராகப் படியை நோக்கி நடந்தார். அக்கா நடுவில் வந்தாள்.

"உக்காருங்கம்மா, ஒரு வாய் காப்பி."

"அதெல்லாம் வேணாம், நேரமாச்சு."

"ஒங்களுக்குன்னே போட்டேம்மா."

உட்கார்ந்தார். அக்கா டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்த ஓனரம்மா முகம் சுளித்தார். "என்னம்மா, காப்பி ஆறிப் போயி கெடக்கு?"

"அப்பிடியாம்மா? குடுங்க, வேற கொண்டு வாரேன்" என்று அக்கா டம்ளரை வாங்கினாள். அடுத்த நொடி முழு டம்ளரும் பட்டுப்புடவை மடியில் கவிழ்ந்து கிடந்தது.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் பதறி எழுந்தார்கள். ஓனரம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா கத்தினாள்:

"பச்சத்தண்ணி!"

தண்ணீர் எங்கிருந்தும் வரவேண்டியிருக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே ஒரு பாத்திரத்தில் தயாராக இருந்தது.

"அசையாதீங்கம்மா! பட்டு! அசைஞ்சா பரவிரும். எந்திரிச்சீங்க, சேல போச்சு!"

ஓனரம்மா சிலையானார். அக்கா அவர் மடியைத் தூக்கிப் பிடித்து, துணியை நனைத்து நனைத்து ஒத்தி எடுத்தாள். சாம்பாருக்கு என்னை இரண்டு நிமிடத்தில் விட்டவள், இந்தக் காப்பியை நூல் நூலாக எடுத்தாள். ஓனரம்மா "முகூர்த்தம் போயிரும்மா" என்பார். "கறையோட போனா சபையில நல்லாவா இருக்கும்?" என்பாள். அவர் அடங்கிவிடுவார்.

நான் அறைக்கு ஓடிவந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பழம் தீர்ந்தது. ஒரு ஓரம் வெளுத்தது. பிறகு இன்னொன்று. கீழே விசிறி எடுத்து வீசிப் புடவையை உலர்த்தும் சத்தம் கேட்டது. மூன்றாவது ஓரமும் போயிற்று. நாலாவது மட்டும் மூலையில் விடாமல் நின்றது. அதற்குள் படியில் காலடி.

துணியைச் சுருட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்தேன். ஓனரம்மா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். பின்னால் அக்கா, "நெழல்லயே காய விடுங்கம்மா, இஸ்திரி போட்றாதீங்க" என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"என்ன, புளிப்பு வாசம் அடிக்குது?"

"எலுமிச்சம்பழம்மா" என்றேன். பொய் இல்லை.

என் சிவந்த கண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். தரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த ரூம்பு பரவால்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கேட் மூடிய சத்தம் கேட்டதும் நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா அழுகையைக் கவனிக்கவில்லை. குனிந்து நாலாவது ஓரத்தைப் பார்த்து, "இன்னொரு பழம் வேணும்" என்றாள்.

சாயங்காலம், வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், நெஞ்சைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வாரமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அன்னைக்கு அப்பிடிப் பேசிருக்கக் கூடாதுக்கா." அவள் கையால் அதை ஒதுக்கினாள்.

"அக்கா, அந்தக் காப்பிய நீங்க வேணும்னேதான கொட்டுனீங்க?"

அக்கா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, "கை நழுவிருச்சுத்தா" என்றாள்.

அதன் பிறகு மூன்று வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கை ஒருநாளும் நழுவி நான் பார்த்ததில்லை.